சுவரில் இல்லாதவர்கள்

“வந்து சேர்ந்த வண்டியை மட்டும் எண்ணினா...” என்று ஜிம் மாஸ்டரின் மாமனார் ஏதோ சொல்வார். பஸ் டிப்போவில் வேலை பார்த்தவர். பின்பாதி என்னவென்று மாஸ்டருக்கு ஞாபகமில்லை. அவர் சொல்லி முடிப்பதற்குள் மாஸ்டர் எப்போதும் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார்.

“சுவரைப் பாருங்க சார். அப்புறம் பேசுங்க” என்றார் மாஸ்டர்.

பேங்க் மேனேஜர் பார்த்தார். ஜிம் சுவரில் ஒன்பது பேரின் படங்கள். ஒவ்வொருவருக்கும் இடப்பக்கம் பழைய தொப்பை, வலப்பக்கம் இப்போதைய மார்பு.

“எல்லாம் இந்த பெப்டைடு ஊசிதானா?”

“இதேதான். வளர்ச்சி ஹார்மோனை உடம்பே கூடுதலா சுரக்கும். நானும் போட்டுக்கறேன்.”

மேனேஜர் குப்பியைத் திருப்பிப் பார்த்தார். “ஆய்வுக்கு மட்டும், மனிதர்களுக்கு அல்லன்னு போட்டிருக்கே?”

“சட்டத்துக்காக ஒட்டறது சார். சிகரெட் பெட்டியில கூடத்தான் என்னமோ எழுதியிருக்கு.”

“அதுல எழுதியிருக்கறது நிஜமாச்சே மாஸ்டர்!”

மாஸ்டர் சிரித்து மழுப்பினார்.

“நம்ம டெய்லர்கூட போட்டுக்கிட்டாரே, அவரைக் காணோம்?”

“அவரா? மூணே மாசத்துல கம்பி நீட்டிட்டார். சோம்பேறி சார். இதுக்கெல்லாம் ஒரு வைராக்கியம் வேணும்.”

மேனேஜருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. வயிற்றில் குத்திக்கொள்ளச் சட்டையைத் தூக்கினார்.

கதவு திறந்தது. டெய்லரின் மனைவி.

மாஸ்டர் சட்டென்று விறைத்தார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள். கட்டின பணத்தைத் திருப்பிக் கேட்பாள்.

“அண்ணா, அந்த மருந்துல என்னென்ன கலந்திருக்குன்னு டாக்டர் கேக்கறார். எங்க வீட்டுக்காரருக்கு சுகர் ஏறியிருக்கு. விரலெல்லாம் மரத்துப்போகுது. கத்தரிக்கோல் பிடிக்க முடியலை.”

“அது... கம்பெனிக்காரனைத்தான் கேக்கணும்மா. ஆன்லைன்ல வாங்கறது.” மாஸ்டரின் குரல் இறங்கியது. “மருந்தாலதான்னு டாக்டர் சொல்றாரா?”

“இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்கறார். உள்ளே என்ன இருக்குன்னே தெரியாம எப்படிச் சொல்றதுன்னு கேக்கறார்.”

“டெய்லர் ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?”

அவள் சுவரைப் பார்த்தாள்.

“சொல்லச் சொன்னேன் அண்ணா. ‘அங்க சுவர்ல இருக்கறவங்க எல்லாருக்கும் நல்லாத்தானே ஆகியிருக்கு, என் உடம்புதான் சரியில்லை. மாஸ்டர் மேல பழி போடறதா’ன்னுட்டார்.” கொஞ்சம் தயங்கினாள். “அவர் படம் எங்கே?”

“வர்றதை நிறுத்தினவங்க படத்தைக் கழற்றிடறது வழக்கம்மா.”

“அப்போ எத்தனை பேர் நிறுத்தினாங்க?”

மாஸ்டர் இதுவரை எண்ணியதில்லை. மேஜை இழுப்பறையைத் திறந்தார். ரப்பர் பேண்ட் போட்ட கட்டு. ஒவ்வொரு படத்தின் பின்னாலும் அவர் கையாலேயே எழுதிய போன் நம்பர். எண்ணி முடித்தபோது முப்பத்தொன்று.

“நீங்களும் போட்டுக்கறீங்களாமே, உங்களுக்கு ஒண்ணும் இல்லையே அண்ணா?” என்று அவள் கேட்டாள். அக்கறையாகத்தான் கேட்டாள்.

மாஸ்டர் கல்யாண மோதிரத்தைத் திருகிப் பார்த்தார். இரண்டு மாதமாகவே அது நகரவில்லை. விரலில் சதை போட்டிருக்கிறது என்று பெருமைப்பட்டிருந்தார்.

மேனேஜர் இன்னும் சட்டையைத் தூக்கியபடியே நின்றிருந்தார்.

“சட்டையை இறக்குங்க சார். வீட்டுக்குப் போங்க” என்றார் மாஸ்டர்.

ஃப்ரிட்ஜிலிருந்த குப்பிகள் அத்தனையையும் பையில் போட்டு, டாக்டரிடம் காட்டச் சொல்லி டெய்லரின் மனைவியிடம் கொடுத்தார்.

பிறகு முப்பத்தொரு படங்களையும் சுவரில் மாட்டினார். ஒவ்வொன்றையும் மாட்டும் முன் திருப்பி, அந்த நம்பருக்கு போன் செய்தார்.