கூரைமேல் வந்த விதை

வானத்தை முட்டும் மரங்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்த கேரவனின் கூரையில் ஒரு வேங்கை விதை விழுந்தது.

ஓடைக்கரையில் வண்டி நின்றது. "நல்ல ஈரமண். இறங்கிக்கோ," என்றது கேரவன்.

"அடுத்த வளைவுல இதைவிட உயரமான மரமெல்லாம் தெரியுதே! நீ போ," என்றது விதை.

அடுத்த வளைவில், "இங்க வெயில் பத்தாது," என்றது. அதற்கடுத்த இடத்தில், "யானை மிதிச்சிடும், சீக்கிரம் கிளம்பு," என்று விரட்டியது.

"சக்கரம் இருக்கிற நானே சும்மா இருக்கேன். நீ ஏன் இப்படிப் பறக்கிற?" என்று சலித்துக்கொண்டே கேரவன் ஓடியது.

காடு முடிந்து ஊர் வந்தது. வண்டி கழுவும் வாட்டர் சர்வீஸில் கூரைமேல் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள். விதை கீழே விழுந்தது. நன்றாக ஊறிப்போன அதற்குள் முளை அசைந்தது. சுற்றிலும் சிமெண்ட் தரை.

"இந்த இடம் சரியில்ல. அடுத்தது பார்க்கலாம், வா," என்று விதை நிமிர்ந்து பார்த்தது.

கேரவன் போய்விட்டிருந்தது.