சனிக்கிழமை முடியாது

"செவ்வாய்க்கிழமை லான். வியாழக்கிழமை அமியன். சனிக்கிழமை ரூவான். இந்த மூணையும் மாத்த முடியாது. நடுவில நீ எங்கே வேணும்னாலும் வண்டியை விடு," என்றாள் அர்லெத், காம்ப்ரேயில் தன் வீட்டுச் சமையலறை மேஜையில் விரித்திருந்த தாளில் மூன்று ஊர்களையும் பேனாவால் அழுத்தி வட்டமிட்டபடி.

ரெஜீனுக்குச் சுருக்கென்றது. கார் அவளுடையது. ஓட்டப் போவதும் அவள். ஆனால் வழி மட்டும் அக்காவுடையது. ஐம்பத்தெட்டு வயதிலும் தான் பின்சீட்டுச் சிறுமிதான் போலிருக்கிறது.

"அது என்னக்கா, மூணு ஊர்லயும் காலையில ஏழிலேருந்து பன்னிரண்டு வரைக்கும் 'ரெஜீன் தனியாக ஊர் சுற்றலாம்'னு எழுதியிருக்கே? நீ எங்கே போவே?"

"எனக்கு வேலை இருக்கு."

"ஊருக்கு ஒருத்தரா மூணு பேரை வெச்சிருக்கியா?"

"ஆமாண்டி. மூணு ஊர்லயும் எனக்குப் படுக்கை போட்டுக் காத்துக்கிட்டிருக்காங்க."

இருவரும் சிரித்துவிட்டார்கள். நான்கு வருடத்தில் முதல் தடவை. ரெஜீன் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். அவள் சிரிக்க வரவில்லை. அக்கா மன்னிப்புக் கேட்கிறாளா என்று பார்க்கத்தான் லீல் நகரத்திலிருந்து வந்திருந்தாள்.

நான்கு வருடத்துக்கு முன் ரெஜீனுக்கு இரண்டாவது கல்யாணம். நகர மன்றத்தில், எல்லோரும் வைப்பதுபோல ஒரு சனிக்கிழமை. முதல் வரிசையில் அக்காவுக்கென்று போட்ட நாற்காலி கடைசிவரை காலியாகவே இருந்தது. தொலைபேசியில் வந்தது இரண்டே வார்த்தை. 'சனிக்கிழமை முடியாது.' அதற்குப் பிறகு பேச்சே இல்லை. போன மாதம் திடீரென்று ஒரு அஞ்சலட்டை: 'கடல் பார்க்க வேண்டும். வண்டி ஓட்ட வருகிறாயா?'

"லுதோவிக் என்ன சொல்றான்?" என்று கேட்டாள். லுதோவிக் அர்லெத்தின் ஒரே மகன்.

"போகவே கூடாதுங்கறான். காம்ப்ரே எல்லையைத் தாண்டக் கூடாதாம். நான் என்ன, முளைக்குச்சியில கட்டிப் போட்ட ஆடா? அவன் தலைகீழா நின்னாலும் சரி, நான் கடலைப் பார்த்துட்டுத்தான் வருவேன்."

ரெஜீன் தன் பெரிய கிண்ணத்தில் சிக்கரி காபியை ஊற்றிக்கொண்டாள். அர்லெத் முன்னால் விரல் உயரத்துக்கு ஒரு கிளாஸ். அதில் தண்ணீர். அதையும் உதட்டை நனைத்து நனைத்துக் கீழே வைத்தாள். ஜூலைப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டை.

"தண்ணி குடிக்கறதுல கூடக் கஞ்சத்தனமா? சரி, போற வழியில வண்டிக் கடையில வறுத்த உருளைக்கிழங்காவது வாங்கித் தருவியா?"

"நீ சாப்பிடு. எனக்கு வேண்டாம்."

"பிரான்ஸோட வடக்கத்திக்காரி உருளைக்கிழங்கு வேண்டாங்கறா! இதைக் கேட்டா ஊரே சிரிக்கும்."

அர்லெத் டப்பாவிலிருந்து ஒரு புதினா மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். காம்ப்ரேக்காரர்கள் அந்த மிட்டாய்க்கு வைத்திருக்கும் பெயரே 'அசட்டுத்தனம்'தான்.

"எப்பப் பாரு உன் வாயில அசட்டுத்தனம்!"

"வாயில இருந்தாப் பரவாயில்லைடி. சில பேருக்கு மண்டையில இருக்கு."

இந்தத் தடவை ரெஜீன் சிரிக்கவில்லை. பேனாவைப் பிடுங்கினாள். "சரி, இப்ப நான் சொல்றேன். சனிக்கிழமை காலையில ரூவான் கிடையாது. எத்ரெத்தா கடற்கரை. பாறைக்கு அடியில நின்னு கடலைப் பார்க்கறோம்."

"ஞாயித்துக்கிழமை போவோமே. கடல் எங்கேயும் ஓடிடாது."

"சனிக்கிழமை."

அவளுக்குக் கடல் ஒரு பொருட்டே இல்லை. அந்தக் கிழமைதான் வேண்டும். அக்கா ஒரே ஒரு சனிக்கிழமையைத் தனக்காக விட்டுக்கொடுத்தால் போதும், அந்தக் காலி நாற்காலியை மறந்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. நான்கு வருடம் சுமந்த கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல்தான் இத்தனை தூரம் வந்திருக்கிறோம் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

அர்லெத் அவளை நிமிர்ந்து பார்த்தாள். சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"சனிக்கிழமை முடியாது, ரெஜீன்."

அதே இரண்டு வார்த்தை. அதே குரல்.

ரெஜீன் கார் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அப்போ நீயே போய்க்கோ. இனிமே உன் இஷ்டத்துக்கெல்லாம் நான் தலையாட்ட மாட்டேன்."

"வராட்டிப் போ! ரயில் இருக்கு, பஸ் இருக்கு. ஒண்ணும் இல்லேன்னா நடந்தே போவேன்." அர்லெத் ரயில் நேர அட்டவணையை எடுக்க விறுவிறுவென்று மாடிப்படி ஏறினாள்.

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. "எடுத்து என்னன்னு கேளுடி!" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

ரெஜீன் எடுத்தாள்.

"மதாம் அர்லெத்தா? ரூவான் டயாலிசிஸ் மையத்திலேருந்து பேசறோம். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு உங்களுக்கு ஒரு படுக்கை ஒதுக்கியிருந்தோம். இப்ப உங்க மகன் கூப்பிட்டு அதை ரத்து பண்ணச் சொல்றார். நாலு வருஷமா செவ்வாய், வியாழன், சனி தவறாம ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கறவங்க வெளியூர் போகலாமான்னு பயப்படறார். உங்களைக் கேக்காம செய்ய வேண்டாம்னு கூப்பிட்டோம். ரத்து பண்ணிடலாமா?"

விரல் உயரக் கிளாஸில் தண்ணீர் இன்னும் பாதி இருந்தது. ரெஜீன் கார் சாவியை அதன் பக்கத்தில் வைத்தாள்.

"யார் சொன்னாலும் பண்ணாதீங்க," என்றாள், மாடிக்குக் கேட்காத குரலில். "சனிக்கிழமை ஏழு மணிக்கு டாண்ணு அங்கே இருப்போம். வண்டி ஓட்டப் போறது நான்."