இந்த ஆண்டின் முதல் வாசகி

பதினொன்றே கால் மணிக்கு அந்தப் பெண் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது, வழி தவறி வந்துவிட்டாள் என்றுதான் எழுத்தர் நினைத்தார்.

"கேன்டீன் மேல் மாடிம்மா."

"கேன்டீன் இல்ல சார். உறுப்பினர்களோட பயணப் பதிவேடு பார்க்கணும். இங்கதானே?"

எழுத்தர் தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டார்.

சட்டமன்ற உறுப்பினர் யாராவது அடுத்தவர் செலவில் வெளியூர் போய் வந்தால், முப்பது நாளுக்குள் இந்த அறைக்குப் படிவம் வந்தாக வேண்டும். சிமென்ட் ஆலைக்காரர்கள், மருந்து வணிகர்கள், கப்பல் முதலாளிகள் என்று அழைக்காத சங்கம் கிடையாது. எல்லாவற்றுக்கும் பெயர் ஆய்வுப் பயணம். உறுப்பினருக்கு ஒரு கோப்பு, பயணத்துக்கு ஒரு தாள்.

யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாம் என்பது சட்டம். யாரும் வருவதில்லை என்பது வழக்கம்.

"என்னண்ணே, மியூசியம் திறந்தாச்சா?" என்று மாடிப்படியில் கேட்காத சக ஊழியர் இல்லை.

இந்த ஆண்டும் ஒரு பார்வையாளர்கூட வரவில்லை என்றால் அறையை மூடிவிட்டு, அவரைத் தரைக்குக் கீழே இருக்கும் தபால் பிரிவுக்கு அனுப்பிவிடுவதாக மேலிடத்திலிருந்து தாள் வந்திருந்தது. ஆண்டின் கடைசி வேலை நாள் இன்று.

ஜன்னல் ஓர நாற்காலியைத் தன் கைக்குட்டையால் துடைத்துக் கொடுத்தார். மின்விசிறியை அவள் பக்கம் திருப்பினார். தாள்கள் பறந்தன. அவசரமாக நிறுத்திவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்தார்.

அவள் நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டுக் கட்டம் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு தாளையும் தாண்டவில்லை. நிருபர்தான் என்று எழுத்தர் முடிவு கட்டினார். அதுவும் விஷயம் தெரிந்த நிருபர்.

அந்தப் படிவம் அவர் பெற்ற பிள்ளை மாதிரி. முன்பு அதில் மூன்றே கேள்விகள்: எங்கே, எப்போது, யார் செலவு. ஒளிவு மறைவுக்கு இடமே இருக்கக்கூடாது என்று ஒன்பது வருடம் மேலிடத்தோடு மல்லுக்கட்டி மீதியைச் சேர்த்தவர் அவர்தான். எந்த மாதிரி அறை, கூட வந்தது யார், செய்து தந்த சிறப்பு ஏற்பாடுகள் என்னென்ன, மனநிறைவாக இருந்ததா.

உறுப்பினர்கள் அவரைத் திட்டிக்கொண்டே எழுதினார்கள். எழுதிப் பழகியதும் மனம் விட்டே எழுதினார்கள். கடல் தெரியும் அறை. மாமியாரும் வந்தார். படகுச் சவாரி இன்னும் ஒரு நாள் இருந்திருக்கலாம்.

அந்த வரிகளைத்தான் அவள் சிரித்துக்கொண்டே தன் கட்டங்களில் எழுதினாள். எழுத்தருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தானே மாடியேறிப் போய் அவளுக்கு டீ வாங்கி வந்தார்.

மூன்று மணிவாக்கில் அவள் ஒரு மெல்லிய கோப்பைத் தூக்கிக் காட்டினாள். உள்ளே ஒன்றும் இல்லை.

"இவர் படிவமே குடுக்கலையா சார், இல்ல எங்கயும் போகலையா?"

"போகவே இல்லம்மா. பதினாறு வருஷமா எல்லா சங்கமும் கூப்பிட்டுப் பார்த்தாச்சு. கடலைக் காட்டினாங்க, மலையைக் காட்டினாங்க. மனுஷன் அசைஞ்சு குடுக்கலையே!" சொந்தத் தம்பியைப் பற்றிச் சொல்வதுபோல் இருந்தது அவர் குரல்.

"அப்படி ஒரு ஆளா? ஒண்ணுமேலயும் ஆசை கிடையாதா அவருக்கு?"

"ஆசையா? பறவைன்னா உயிரும்மா. லைப்ரரியில ஒரு பறவைப் புத்தகம் விட்டு வைக்க மாட்டார். போன மாசம் லிஃப்ட்ல என்கிட்ட சொல்றார், எங்கேயோ ஒரு ஏரியில நாரைங்க ஆயிரக்கணக்குல வந்து இறங்குமாம், கண்ணை மூடுறதுக்குள்ள ஒரு தடவை அதைப் பார்த்துடணும்னு."

அவள் அதையும் எழுதிக்கொண்டாள். நல்ல மனிதரைப் பற்றியும் நாலு வரி பத்திரிகையில் வரட்டுமே என்று எழுத்தர் நினைத்தார்.

நான்கு மணிக்கு நோட்டை மூடினாள்.

"இவ்வளவு விவரமா எழுதி வெச்சிருக்கிற இடத்தை நான் எங்கயும் பார்த்ததில்ல சார். அடுத்த வாரம் எங்க ஆபீஸ்ல ரெண்டு பேரைக் கூட்டிட்டு வரேன்."

இருபத்தேழு வருட வேலையில் அவரிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை. வருகைப் பதிவேட்டில் அவள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் படியிறங்கி மறையும்வரை வாசலிலேயே நின்றார்.

தொலைபேசி அடித்தது. மேலதிகாரி.

"என்னய்யா, பூஜ்யம்தானே? போட்டு அனுப்பிடவா?"

"இல்லைங்க சார். ஒண்ணு."

"ஒண்ணா! நிஜமாவா?"

"அடுத்த வாரம் மூணு பேர் வராங்க சார்."

"அப்ப ரூமை மூட முடியாதேய்யா. சரி, எதுக்கு வந்தாங்கன்னு போட?"

எழுத்தர் வருகைப் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினார். அழகான கையெழுத்து. எந்த அலுவலகம் என்ற இடத்தில், சுரங்க உரிமையாளர்கள் சங்கம், விருந்தினர் பிரிவு. வந்த நோக்கம் என்ற இடத்தில், அடுத்த ஆண்டு ஆய்வுப் பயணத்துக்கு அழைக்க வேண்டியவர்களின் பட்டியல் தயாரிக்க.

இரண்டு தடவை படித்தார்.

"ஹலோ, இருக்கியாய்யா?"

"படிக்க வந்தாங்க சார்" என்றார் எழுத்தர். "ரொம்ப நல்லாப் படிச்சாங்க."

இன்னும் இரண்டு நாற்காலி வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். கிடைக்கும் என்றார் மேலதிகாரி.

ஜன்னலைச் சாத்தினார். கோப்புகளை ஒவ்வொன்றாகத் தட்டிச் சீராக்கி அலமாரியில் அடுக்கினார். கடைசியாகக் கையில் மிஞ்சியது அந்த மெல்லிய கோப்பு.

அதைத் திறந்து, புதிய படிவம் ஒன்றை எடுத்து, முனை மடங்காமல் உள்ளே வைத்தார்.