பதினோரு எலிகள்

"உங்க அற்புதசாமி காந்தி மார்க்கெட்ல வெங்காய மூட்டை தூக்குறாரும்மா. இப்பதான் என் கண்ணால பார்த்துட்டு வரேன்!"

விலங்கியல் பேராசிரியர் கிளமென்ட் படபடத்தார்.

ஆராய்ச்சி மாணவி வஹீதாவுக்குச் சுருக்கென்றது. எலிக்கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் அற்புதசாமி, 'சொந்த வேலை' என்று ஒரு வரி எழுதி அனுப்பியதோடு சரி, ஆறு நாளாக ஆளையே காணோம். கூண்டு கழுவுவதிலிருந்து கிருமி சாகத் தீனியை வேகவைப்பது வரை எல்லாம் அவள் தலையில்.

சாதாரண எலிகளா அவை? எண்பத்தொன்றாம் வருஷம் பம்பாயிலிருந்து வரவழைத்த ஜாதி. ஒரே ஒரு ஜீன் மாறிப்போனதில் உடம்பில் முடி இல்லை. நெஞ்சுக்குள் தைமஸ் சுரப்பியும் இல்லை. அந்தச் சுரப்பியில் வளர்ந்து, நோயோடு சண்டை போட வேண்டிய அணுக்கள் வளரவே வழியில்லை. அவளுடைய மூன்று வருட உழைப்பு அந்தப் பதினோரு எலிகளின் உயிரில் நின்றது.

"இதையெல்லாம் அவருக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன் சார்!"

"சொல்லி என்ன பிரயோஜனம்? மெமோ டைப் பண்ணிட்டேன். நாளைக்கு வரலைன்னா வேற ஆள்."

"கொடுங்க சார். நானே போய்க் கொடுக்கறேன்."

மார்க்கெட்டில் வெங்காய மண்டி வாசலில் மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தார் அற்புதசாமி.

"அண்ணே!"

திரும்பிப் பார்த்தவர், அவளைக் கண்டதும் விறுவிறுவென்று பின்னால் போனார்.

"நில்லுங்க! மாட்டிக்கிட்டதும் ஓடறீங்களா? அதுங்க செத்தா சாகட்டும்னு விட்டுட்டீங்கல்ல?"

அற்புதசாமி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார். இருமல் நிற்கவே ரொம்ப நேரம் ஆனது.

"ஒரு வாரமா இப்படித்தாம்மா இருக்கு. லெட்டர்ல இருமல்னு எழுதினா, 'இதுக்கெல்லாமா லீவு, வந்து சேரு'ம்பாங்க. நம்ம லீவுக்குச் சம்பளமும் கிடையாது. அதான் மூட்டை..."

வஹீதா மெமோவைக் கசக்கிக் கைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"அண்ணே, நான் தெரியாம..." என்று ஓரடி முன்னால் வந்தாள்.

அவர் இரண்டடி பின்னால் போனார்.

"கிட்ட வராதீங்கம்மா! நீங்க திரும்ப அதுங்ககிட்டதானே போகணும்?"