நான்கு ஜிபி மன்னிப்பு

ஒவ்வொரு அமர்வுக்கும் முன்னால் சமரச அலுவலர் ரெஜினா செய்யும் வேலை ஒன்றுதான். கணினியின் தற்காலிக நினைவகமான ராமில் (RAM) நான்கு ஜிபியைப் பிரித்து, அதையே ஒரு டிஸ்க்காக மவுண்ட் செய்து இணைத்துவிடுவாள். குடும்பச் சமரச அறையில் பேசுவதெல்லாம் அதில்தான் பதிவாக வேண்டும் என்பது சட்டம். அதைக் கழற்றி அன்மவுண்ட் செய்துவிட்டால் பேசியதன் சுவடே இருக்காது. அந்தத் தைரியத்தில்தான் ஜனங்கள் அங்கே வாய் திறந்தார்கள்.

துரைசிங்கமும் அப்படித்தான் திறந்தார். பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால், குழந்தை பிறந்து இறந்த அன்று, அவர் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை.

"பயந்துட்டேன், இன்பா. தப்பு என்னோடதுதான்."

அவர் மனைவி இன்பவல்லி அழவில்லை. ரெஜினாவிடம் திரும்பினாள்.

"மேடம், இத மட்டும் அழியாம வெச்சுத் தர முடியுமா?"

"ரெண்டு பேரும் கைரேகை வெச்சா நிஜ டிஸ்க்குக்கு மாத்திடலாம்மா."

இன்பவல்லி உடனே மேசையிலிருந்த ரேகைக் கருவியில் விரலை வைத்தாள். துரைசிங்கம் மடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"எதுக்கு மேடம் அதெல்லாம். வீட்டுல வந்து நூறு தடவ சொல்றேன்."

"சொல்ல மாட்டாரு" என்றாள் இன்பவல்லி. "அழிஞ்சிடும்னு தெரிஞ்சுதான் இங்க சொன்னாரு."

பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ரெஜினா விதிப்படி கேட்டாள்.

"அழிச்சிடவா, சார்?"

அவர் தலையசைத்தார். ரெஜினா ஒரே ஒரு வரி தட்டினாள்; பதிவு அழிந்தது.

மேசையில் காலையிலிருந்து கிடந்த விவாகரத்துத் தாளை இன்பவல்லி தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எங்க கையெழுத்துப் போடணும், மேடம்?"