கயிறு கட்டி ஏறுகிறவன்

"ஆள் நல்லவன்தான் அண்ணாச்சி. ஆனா..." என்று இழுத்தான் சோலைராஜ்.

மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வந்தவர் காதில் இப்படி ஒரு 'ஆனா' விழுந்தால் போதும், கூடி வந்த கல்யாணமும் கலைந்துவிடும். அது தெரிந்துதான் இழுத்தான்.

நாகலாபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்த பெருமாள்சாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க வீட்டுப் பிள்ளை உமாதேவிக்கு உங்க நந்தகோபாலைப் பாத்திருக்கோம். கூட வேலை பாக்கிறவியளுக்குத்தான் உள்ளது தெரியும். மறைக்காமச் சொல்லுங்க தம்பி."

கோவில்பட்டிக்கு வெளியே ஒரு நூல் மில். அதன் கழிவுநீர் நிலையத்தில் சோலைராஜும் நந்தகோபாலும் ஆபரேட்டர்கள். நந்தகோபாலுக்கு முப்பத்தாறு வயது. இதுவரை நாலு இடம் தட்டிப்போய்விட்டது. இதுவும் போனால் இனிமேல் பெண் தேடி அலைய மாட்டேன் என்று அவன் அம்மா முடிவாகச் சொல்லியிருந்தாள். சோலைராஜுக்கு அதுவும் தெரியும். போன மாதம் நந்தகோபால் எழுதிக் கொடுத்த புகாரால்தான் சோலைராஜ் ஒரு வாரம் சஸ்பெண்டாகி வீட்டில் கிடந்தான்.

"குடி கிடி உண்டா?" என்றார் பெரியவர்.

"சேச்சே. பீடிகூடக் கிடையாது."

"பின்னே என்ன?"

"பயந்தாங்கொள்ளி அண்ணாச்சி. நான் எதுக்குச் சொல்லணும்? அந்தா, நீங்களே பாருங்க."

ஷிப்டு முடிந்திருந்த சோலைராஜ், கேட்டை ஒட்டிய பெஞ்சில் உட்கார்ந்தபடியே கைகாட்டினான். அங்கே ஆள் உயரத்தில் ஒரு வட்டத் தொட்டி. உள்ளே விளிம்பு வரைக்கும் கருங்கல். கல்லுக்கு மேலே நாலு நீளமான இரும்புக் குழாய்கள் ராட்டினம் மாதிரி சுற்றிச் சுற்றிக் கழிவுநீரைத் தெளித்துக்கொண்டிருந்தன. ஒரு குழாயில் மட்டும் தண்ணீர் வரவில்லை. அடைப்பு.

நந்தகோபால் மோட்டாரை நிறுத்தினான். ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பிறகு கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றான்.

"ஏன் நிக்காரு?"

"சுத்துறது தானா நிக்கணுமாம். அதுவரைக்கும் தவம்."

குழாய்கள் ஓய்ந்தன. நந்தகோபால் கயிற்றை எடுத்து, ஒரு குழாயின் நுனியைத் தொட்டியோரக் கம்பியோடு இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டினான். முடிச்சுகளை அசைத்துப் பார்த்தான்.

"மோட்டாரைத்தான் நிறுத்தியாச்சே. ஃபியூஸும் பையில இருக்கு. கயிறு எதுக்கு?"

"காத்துக்குச் சுத்திருமாம். நம்ம ஊர்ல மாட்டுக்கே ஒத்தக் கயிறுதான். இவன் இரும்புக்கு ரெண்டு கயிறு போடுதான்."

ஆனி மாதக் காற்று கரிசல் புழுதியை வாரி இருவர் முகத்திலும் அடித்தது. நந்தகோபால் தொட்டியில் ஏறி, கல்லின் மேல் பலகையைப் போட்டு, அதில் மண்டியிட்டு மெல்ல நகர்ந்தான்.

"கல்லு பூரா வழுக்குமாம், அதான் பலகை. அஞ்சு நிமிச வேலைக்கு முக்கால் மணி நேரம். போன வாரம் மேனேஜரே வந்து சத்தம் போடுதாரு, சீக்கிரம் ஏறுய்யான்னு. இவன் முடிச்சுப் போடாம ஏற மாட்டேன்னுட்டான். தாலி கட்டும்போதும் பாருங்க, மூணு முடிச்சுக்கு முப்பது முடிச்சு போடுவான்."

பெருமாள்சாமி அவன் பக்கம் திரும்பினார்.

"நீங்க எப்படிச் செய்வீய தம்பி?"

"நானா? சுவிட்சை அணைச்ச கையோட ஏறிருவேன். சுத்துற குழாயை ஒத்தக் கையால பிடிச்சு நிறுத்திருவேன். தைரியம் வேணும்லா?"

"கல்யாணம் ஆயிட்டுதா?"

"ஆச்சு. ரெண்டு பொம்பளப் பிள்ளைய."

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"வெள்ளிக்கிழமை நந்தகோபால் வீட்டுக்குப் பேசி முடிக்க வாரோம். நீங்களும் இருக்கணும்."

சோலைராஜும் பெஞ்சிலிருந்து எழுந்தான்.

"இவ்வளவு சொன்ன பொறவுமா உங்க மகளை இவனுக்குக் கொடுக்கப் போறீய?"

"உமாதேவி என் மக இல்ல தம்பி, மருமவ," என்றார் பெருமாள்சாமி. "வெளியூர் மில்லு ஒண்ணுல என் மகனும் இதே வேலைதான் பாத்தான். அவனும் உங்களை மாதிரியே தைரியசாலியா இருந்தான்."