நம்மாளு

“நாற்காலியில இல்ல. கீழ,” என்றார் டாக்டர், மேசைக்குப் பின்னாலிருந்து தலையைத் தூக்காமலே.

டிரைவர் தரையைப் பார்த்தார். தரை அவருக்குப் புதிதல்ல. மூன்று மாதத்துக்கு முன்பு இதே அறையில், இதே டாக்டர் முன்னால், குந்தி உட்காரப் போய் மல்லாந்து விழுந்தவர்தான்.

அன்றைக்கு டாக்டர் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. சிரிக்கவும் இல்லை. சிரித்துத் தொலைத்திருந்தாலாவது பரவாயில்லை. “குனிஞ்சு சக்கரத்தப் பார்க்க முடியாதவர் கையில எப்படிங்க பஸ்ஸக் குடுக்கிறது?” என்று கேட்டுவிட்டு, மூன்று மாதம் அவகாசம் எழுதினார்.

அதற்குள் குந்தி எழ வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, பயணிகள் மறந்துவிட்டுப்போன குடைகளுக்கு டிப்போவில் காவல் இருக்க வேண்டியதுதான். இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டிய மனிதர் குடைக்குக் காவலா? அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் டிப்போ நலப்பிரிவிலிருந்து போனுக்குப் பன்னிரண்டு வீடியோ வந்தது. பாதம், இடுப்பு, முதுகு என்று வாரத்துக்கு ஒரு வகுப்பு.

சோபாவை ஓரம் தள்ளிவிட்டு, வீடியோவில் வந்த டீச்சர் சொன்னதையெல்லாம் செய்தார். கால் விரல்களை விரித்தார். இடுப்பைச் சுழற்றினார். பூனை மாதிரி முதுகை வளைத்தார். எல்லாம் சரி, குந்தும்போதுதான் வினை. விழப்போகிறோம் என்று தோன்றிய உடனே வலது கால் தானாகப் பிரேக்கை மிதித்துவிடும். தரையில் ஏது பிரேக்? குதிகால் மேலே போகும், ஆள் பின்னால் போவார்.

“ஊரையே சுமந்துட்டுப் போறவருக்குத் தன் உடம்பச் சுமக்கத் தெரியல,” என்பாள் மனைவி, அவர் விழப்போகிற இடத்தில் தலையணையைப் போட்டபடி.

கடைசி நிறுத்தத்தில் பஸ் நிற்கிற பத்து நிமிடத்தையும் அவர் விடவில்லை. டயரைப் பார்க்கிற சாக்கில் பஸ்ஸுக்குப் பின்னால் போய்க் குந்திப் பார்த்தார். கண்டக்டர் ஓடிவந்து, “பஞ்சராண்ணே?” என்று கேட்டார்.

அவரைக் காப்பாற்றியது டீச்சர் அல்ல. டீச்சருக்குப் பின்னால், திரையின் ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு நின்ற ஒருவர். ஒரு கால், ஒரு கை, அவ்வளவுதான் தெரியும். முகம் திரைக்கு வெளியே.

டீச்சர் குனிந்து தரையைத் தொட்டால், அந்தக் கை முழங்காலைத் தாண்டாது. டீச்சர் பத்து என்றால், அந்தக் கால் ஆறோடு நிறுத்திக்கொள்ளும். குந்துவதற்கு முன் அந்தக் கை இடது முழங்காலை இரண்டு தட்டு தட்டும், தூங்காத பிள்ளையைத் தட்டுகிற மாதிரி. பேன்ட்டைச் சற்றே தூக்கிவிட்டுக்கொள்ளும். அவ்வளவு ஏற்பாடும் செய்துவிட்டு, பாதி வழியில் நின்றுவிடும்.

நம்மைவிட மோசமாக ஒருத்தர் இருக்கிறார் என்பதில்தான் எத்தனை சுகம். டிரைவர் அவருக்கு ‘நம்மாளு’ என்று பேர் வைத்தார். நம்மாளு ஆறு செய்தால் இவர் ஏழு செய்தார்.

ஒன்பதாம் வகுப்பில் நம்மாளைக் காணோம். வீடியோவை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார். இல்லை. அன்றைக்கு இவருக்கும் உடம்பு வளையவில்லை.

“உங்க ஆளு வரலன்னா நீங்க ஏன் இடிஞ்சு போய் உட்கார்ந்திருக்கீங்க? வேணும்னா நாலு பழம் வாங்கிட்டுப் போய்ப் பார்த்துட்டு வாங்க,” என்றாள் மனைவி. சொல்லிவிட்டு அவளும் ஒருமுறை திரையை எட்டிப் பார்த்தாள்.

பத்தாம் வகுப்பில் கால் திரும்பி வந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் நம்மாளு முழங்காலை இரண்டு தட்டு தட்டி, குதிகால் தரையிலேயே இருக்க, முழுசாக உட்கார்ந்தேவிட்டார். டிரைவர் தனியாக நின்று கை தட்டினார். தட்டிய கையோடு தானும் குந்தினார். மூன்று தடவையில் ஒரு தடவை விழவில்லை.

மூன்றில் ஒன்று. அந்தத் தைரியத்தில்தான் இப்போது இந்த அறையில் நிற்கிறார்.

மூச்சை விட்டபடி குந்தினார். பாதித் தூரம் வந்தது. முக்கால் வந்தது. உட்கார்ந்தும்விட்டார். அப்போதுதான் வலது பாதம் மெல்லப் பிரேக்கைத் தேடத் தொடங்கியது. குடைகள் வரிசையாகக் கண்ணுக்குத் தெரிந்தன.

“அப்படியே இருங்க. குதிகால் தூக்குதான்னு பார்க்கணும்.”

டாக்டர் எழுந்து, மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து எதிரே நின்றார். இடது முழங்காலை இரண்டு தட்டு தட்டினார். பேன்ட்டைச் சற்றே தூக்கிவிட்டுக்கொண்டார். உட்கார்ந்தார்.

டிரைவர் வாயைப் பிளந்தார். அந்த ஆச்சரியத்தில் வலது காலுக்குப் பிரேக் மறந்தே போனது. குதிகால் தரையோடு தரையாகக் கிடந்தது.

டாக்டர் அதைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு எழப் பார்த்து, பாதியில் நின்று, டிரைவரின் தோளைப் பிடித்துக்கொண்டார். டிரைவர் அவரையும் சேர்த்துச் சுமந்துகொண்டு எழுந்தார்.

மேசைக்குத் திரும்பியதும் டாக்டர் பழைய டாக்டர் ஆகிவிட்டார். தலையைத் தூக்காமல் ‘தகுதி உண்டு’ என்று எழுதி, முத்திரை குத்தி, சீட்டை நீட்டினார்.

டிரைவர் அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கதவுவரை போனார். மனசு கேட்கவில்லை. திரும்பினார்.

“ஒன்பதாவது கிளாஸுக்கு மட்டும் ஏன் சார் வரல? வீட்டுல ரெண்டு பேரும் பயந்தே போயிட்டோம்.”